பழைய ஆட்சிக்கும் புதிய ஆட்சிக்கும் நடுவே

[திரையில்: லண்டன், டவுனிங் தெரு, 10-ஆம் எண் கதவு]

2024 ஜூலை 4 அன்று பிரிட்டனில் வாக்குப்பதிவு. மறுநாள் காலை ரிஷி சுனக் அரண்மனைக்குச் சென்று மன்னரிடம் பதவி விலகினார். சற்று நேரத்தில் கியர் ஸ்டார்மர் பிரதமராகிவிட்டார். தோற்றவருக்கு மூட்டை கட்டக்கூட அவகாசம் இல்லை. கொஞ்சம் இரக்கமற்ற ஏற்பாடுதான். ஆனால் அவகாசம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கா இருக்கிறது.

[திரையில்: நாள்காட்டி, நவம்பர் முதல் மார்ச் வரை]

அங்கே முன்பு தேர்தல் நவம்பரில், பதவியேற்பு மார்ச் 4 அன்று. குதிரை வண்டிக் காலத்துக் கணக்கு. 1860 நவம்பரில் லிங்கன் வென்றார். அவர் பதவியேற்பதற்கு முன்பே தென் கரோலினா தொடங்கி ஏழு மாநிலங்கள் பிரிந்துபோவதாக அறிவித்து, தங்களுக்கென்று ஓர் அதிபரையும் அமர்த்திக்கொண்டன. அதுவரை பதவியில் இருந்த அதிபர் புக்கானனின் வாதம் விசித்திரமானது: பிரிய அவற்றுக்கு உரிமை இல்லையாம், தடுக்க அரசுக்கு அதிகாரமும் இல்லையாம்!

1932-இல் மறுபடியும் அதே கதை. ரூஸ்வெல்ட் வென்றார், ஹூவர் நாற்காலியில் இருந்தார். பொருளாதார நெருக்கடியைச் சமாளிக்கத் தன்னோடு சேர்ந்து செயல்படும்படி ஹூவர் கேட்டார். பதவிக்கு வருமுன் கையைக் கட்டிக்கொள்ள ரூஸ்வெல்ட் விரும்பவில்லை. அதற்குள் வங்கிகள் வரிசையாகக் கதவை மூடின. பதவியேற்பை ஜனவரி 20-க்கு முன்னகர்த்திய 20-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1933 ஜனவரியில் நிறைவேறியது. நடைமுறைக்கு வந்தது 1937 பதவியேற்பில். இன்றும் ஏறத்தாழ பதினோரு வாரம் மிச்சமிருக்கிறது. என்னைக் கேட்டால் அதுவே அதிகம். 2021 ஜனவரி 6 அன்று நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் கும்பல் புகுந்தது இந்த இடைவெளியில்தான்.

[திரையில்: பழைய பெர்லின் நாடாளுமன்றம்]

ஜெர்மனி பட்ட அடி வேறு. 1932 செப்டம்பரில் சான்ஸ்லர் (அங்கே அரசின் தலைவர்) பாப்பென் அரசுக்கு எதிராக 512 வாக்குகள், ஆதரவாக வெறும் 42. நாஜிகளும் கம்யூனிஸ்டுகளும் ஒரே பக்கம் வாக்களித்தார்கள். இறக்குவதற்கு ஒன்றுசேர்ந்தவர்களால் சேர்ந்து ஓர் அரசை அமைக்க முடியுமா? அதனால்தான் 1949 அரசியல் சட்டத்தின் 67-ஆவது பிரிவு ஒரு நிபந்தனை வைத்தது: நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவருபவர்கள் அடுத்த சான்ஸ்லரையும் அதே வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்க வேண்டும். நாற்காலி ஒரு நொடிகூடக் காலியாகாது. 1972-இல் சான்ஸ்லர் பிராண்டை வீழ்த்த முயன்றபோது இரண்டு வாக்குகள் குறைந்தன. 1982 அக்டோபர் 1 அன்று ஷ்மிட் போனார், கோல் வந்தார். இதுவரை வென்றது அந்த ஒரு முறைதான். ஸ்பெயினிலும் இதே விதி உண்டு. 2018-இல் ரஹோயை அகற்றிய வாக்கெடுப்பே சாஞ்செஸைப் பிரதமராக்கியது.

[திரையில்: பிரஸ்ஸல்ஸ்]

பெல்ஜியத்திலும் இப்படியொரு விதி இருக்கிறது. ஆனால் தேர்தலுக்குப் பின் யாருமே கூட்டணி சேராவிட்டால் எந்த விதியும் உதவாது. 2010 ஜூன் தேர்தலுக்குப் பிறகு, டச்சு பேசும் கட்சிகளும் பிரெஞ்சு பேசும் கட்சிகளும் 541 நாட்கள் பேசிக்கொண்டே இருந்தன. நாடு நின்றுவிடவில்லை. பழைய பிரதமர் லெதெர்மின் காபந்து அரசு சம்பளம் கொடுத்தது, லிபியாவுக்குப் போர் விமானங்களைக்கூட அனுப்பியது. 2011 நவம்பர் 25 அன்று ஒரு தர நிறுவனம் பெல்ஜியத்தின் கடன் தகுதியைக் குறைத்தது. மறுநாளே பட்ஜெட்டில் உடன்பாடு! டிசம்பர் 6 அன்று எலியோ டி ரூப்போ பிரதமராகப் பதவியேற்றார்.