இரண்டரை அடித் தண்ணீரில் இருநூறு டன்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஒரு கப்பலின் அளவுகளைச் சொல்லித் தொடங்குகிறேன். 'ஃபார் வெஸ்ட்' என்று பெயர். 1870-இல் பிட்ஸ்பர்க்கில் கட்டியது. நீளம் 190 அடி, அகலம் 33 அடிக்குச் சற்று மேல். வெறுமனே நின்றால் தண்ணீருக்குள் 20 அங்குலம் அமிழும். இருநூறு டன் சரக்கு ஏற்றினால் 30 அங்குலம். இரண்டரை அடி! அந்த ஆழத்தில் ஒரு ஆள் இடுப்பு நனையாமல் நடந்து போகலாம். அதற்குள்தான் மூன்று கொதிகலன்களும் இரண்டு எஞ்சின்களும் இருநூறு டன் மூட்டை முடிச்சுகளும் மிதந்து போயின.

அமெரிக்காவின் மிசூரி ஆறு அப்படியொரு கப்பலைக் கேட்டது. செயின்ட் லூயிஸிலிருந்து மொன்டானாவின் ஃபோர்ட் பென்டன் வரை ஆற்றுவழியில் ஏறத்தாழ 3,700 கிலோமீட்டர். 1819-இல் 'இன்டிபென்டன்ஸ்' இந்த ஆற்றில் நுழைந்த முதல் நீராவிக் கப்பல். 1832-இல் 'எல்லோ ஸ்டோன்' வழியிலுள்ள ஃபோர்ட் யூனியன் என்ற வணிகக் கோட்டையைத் தொட்டது. ஃபோர்ட் பென்டனுக்கு 'சிப்பேவா' போய்ச் சேர 1860 ஆகிவிட்டது. எஞ்சின் செய்யத் தெரியாமல் நாற்பது ஆண்டு பிடிக்கவில்லை. இந்த ஆற்றில் போக எப்படிப்பட்ட உடம்பு வேண்டும் என்பதைக் கப்பல் கட்டுகிறவர்கள் ஒவ்வொரு விபத்தாகக் கற்றுக்கொள்ள அத்தனை காலம் பிடித்தது.

முதலில் உடம்பைப் பார்ப்போம். கடல் கப்பலுக்கு ஆழமான அடிக்கட்டை உண்டு, அதுதான் முதுகெலும்பு. ஆற்றுக் கப்பலின் அடி, தாம்பாளம் போலத் தட்டை. முதுகெலும்பு இல்லாத அந்த உடம்பின் முன்பக்கத்தில், அதாவது அணியத்தை ஒட்டி, கொதிகலன்களின் எடை. பின்பக்கமான அமரத்தில் பெரிய துடுப்புச் சக்கரத்தின் எடை. நடுவில் தண்ணீர் மேலே தூக்குகிறது. இரு முனையும் தொங்கி, நடு முதுகு பன்றி முதுகு போல் எழும்பிவிடும். அதைத் தடுக்க அணியத்திலிருந்து அமரம் வரை இரும்புக் கம்பிகளை மேல்தளத்து மரத்தூண்களின் தலைமேல் ஏற்றி இழுத்துக் கட்டினார்கள். கம்பியின் நடுவே முறுக்காணி. முதுகு எழும்பினால் அதைத் திருகி இறுக்குவார்கள். வீணைத் தந்தியை முடுக்குவது போலத்தான். உடம்பு இப்படி நெளியும் என்று தெரிந்தே, பிஸ்டனின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் நீண்ட தண்டையும் மரத்தில் செய்து இரும்புப் பட்டை போட்டார்கள். மரம் கொஞ்சம் வளைந்து கொடுக்கும்.

அடுத்தது எஞ்சின். பயன்படுத்திய நீராவியைக் குளிரவைத்துத் திரும்ப நீராக்கும் குறைந்த அழுத்த எஞ்சின் விறகை மிச்சப்படுத்தும். ஆனால் கனமானது, விலை கூடியது. ஆற்றுக் கப்பல்காரர்கள் உயர் அழுத்த எஞ்சினைத் தேர்ந்தார்கள். வேலை முடிந்த நீராவியை அப்படியே வெளியே விட்டுவிடும், எடையும் குறைவு. தண்ணீருக்குப் பஞ்சமில்லை, ஆறே கீழே ஓடுகிறது. சிக்கல், அந்தத் தண்ணீர் மிசூரித் தண்ணீர். குடிக்க முடியாத கெட்டி, உழ முடியாத இளக்கம் என்று அந்த ஊர்க்காரர்களே சொல்வார்கள். கொதிகலனுக்குள் போகும் சேறு அடியில் படிகிறது. சேறு படிந்த இடத்தில் தகட்டின் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொள்ளாது. தகடு பழுத்து வலுவிழக்கும். அதனால் கொதிகலனுக்கு அடியில் சேறு இறங்க ஓர் உருளை வைத்து, அடிக்கடி திறப்பானைத் திறந்து நீராவியின் அழுத்தத்தாலேயே சேற்றை வெளியே பீச்சினார்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து நீர்மட்டம் இறங்குவது. தொடக்கத்தில் கொதிகலனுக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பைப் பெரிய எஞ்சினே ஓட்டியது. கரையில் கப்பல் நின்றால் பம்பும் நிற்கும். அடியில் தீ மட்டும் எரிந்துகொண்டிருக்கும். பயணிகள் எல்லாரும் இறங்குவதற்காக ஒரே பக்கம் கூடினால் கப்பல் சாயும். பக்கம் பக்கமாகக் கிடக்கும் கொதிகலன்கள் குழாயால் இணைந்தவை அல்லவா? தண்ணீர் தாழ்ந்த பக்கத்துக்கு ஓடிவிடும். மேட்டுப் பக்கத்துக் கொதிகலனில் தீக்குழாய்கள் தண்ணீருக்கு வெளியே வந்து சிவக்கும். கப்பல் நிமிர்ந்ததும் தண்ணீர் திரும்பி அந்தச் சிவந்த இரும்பின்மேல் பாயும். பிறகு வெடிப்புதான். பெரிய எஞ்சின் நின்றாலும் தான் பாட்டுக்கு ஓடும் சிறு நீராவிப் பம்பு வந்த பிறகே இந்த அச்சம் குறைந்தது. கப்பல்காரர்கள் அதற்கு 'டாக்டர்' என்று பெயர் வைத்தார்கள்.

1852 ஏப்ரல் 9 அன்று மிசூரி மாநிலத்து லெக்சிங்டனில் 'சலூடா' வெடித்தது. பனிக்கட்டி மிதந்துவரும் வேகநீரை எதிர்த்து வளைவைத் தாண்ட முடியாமல் நாள்கணக்கில் நின்ற கப்பல் அது. அழுத்தத்தைக் கூட்டிக் கிளம்பினார்கள். சக்கரம் ஓரிரு சுற்றுச் சுற்றுவதற்குள் கொதிகலன்கள் பிளந்தன. இறந்தோர் ஏறத்தாழ நூறு பேர். அவர்களில் பலர், மேற்கே குடியேறப் போன மார்மன் என்ற கிறித்துவப் பிரிவினர். அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்க நாடாளுமன்றம் கொதிகலன்களை நீரழுத்தத்தால் சோதிக்க வேண்டும், எஞ்சினியருக்கும் வழிகாட்டும் சுக்கானிக்கும் உரிமம் வேண்டும் என்று சட்டம் செய்தது. அதற்கு முன்பே வந்திருக்க வேண்டிய சட்டம்.

விறகைச் சொல்லாமல் விட முடியாது. பெரிய கப்பல் ஒரு நாளைக்கு 25 முதல் 30 'கார்டு' விறகு தின்னும். ஒரு கார்டு என்பது நான்கடி உயரம், நான்கடி அகலம், எட்டடி நீளத்துக்கு அடுக்கிய அடுக்கு. கீழ்ப்பகுதியில் விறகுக் கடைகள் இருந்தன. மேலே போகப் போகக் கரையில் காட்டன்வுட் மரம்தான். பச்சையாக வெட்டினால் புகையும், எரியாது. குங்கிலியம் போன்ற பிசினைத் தூவி எரிப்பார்கள். வெள்ளம் ஒதுக்கிவிட்டுப் போன காய்ந்த கட்டைக் குவியல் கண்ணில் பட்டால் கப்பலை நிறுத்தி ஆட்கள் கோடரியோடு இறங்கிவிடுவார்கள்.

இனி மணல் திட்டு. எனக்கு மிகவும் பிடித்த வேலை நுட்பம் இங்கேதான் இருக்கிறது. கப்பல் திட்டில் ஏறி நின்றுவிட்டது என்று வையுங்கள். அணியத்தின் இரு பக்கமும் நிற்கும் கனத்த கம்பங்களின் அடியை மணலில் ஊன்றுவார்கள். தலை சற்றே அணியத்தின் பக்கம் சாய்ந்திருக்கும். கம்பத்தில் கப்பி. மணிலாக் கயிற்றின் ஒரு நுனி கப்பலின் விளிம்பில்; மறுநுனி கப்பி வழியாகக் கயிறு சுற்றும் நட்ட உருளைக்கு வரும். உருளை சுற்றச் சுற்ற, ஊன்றிய கம்பங்களின்மேல் அணியம் எழும்பும். அதே நேரம் பின்சக்கரம் தள்ளும். கப்பல் சில அடி முன்னே போய் உட்காரும். கம்பங்களைப் பிடுங்கி, முன்னால் ஊன்றி, மறுபடியும். இரு பக்கக் கயிறும் ஒரே அளவில் இழுபட வேண்டும். இல்லாவிட்டால் தாம்பாள உடம்பு முறுக்கிக்கொள்ளும், பலகை மூட்டு விடும். கம்பங்கள் வெட்டுக்கிளியின் கால்போல் நிற்பதால் இதை வெட்டுக்கிளித் தாவல் என்றே சொன்னார்கள். அதற்கும் அசையாவிட்டால் பாதிச் சரக்கைக் கரையில் இறக்கி, மீதியோடு திட்டைத் தாண்டி, திரும்பி வந்து எடுப்பார்கள்.

இந்தக் கப்பல்கள் போன ஆறு யாருமற்ற ஆறு அல்ல. 1837-இல் 'செயின்ட் பீட்டர்ஸ்' சரக்கோடு பெரியம்மையையும் ஏற்றிச் சென்றது. ஆற்றங்கரை ஊர்களில் ஆயிரத்துக்கு மேல் வாழ்ந்த மாண்டன் பழங்குடி மக்களில் எஞ்சியவர்கள் நூற்றுச் சொச்சம் பேர். கப்பல் எவ்வளவு விரைவாகப் போனது என்று வியக்கும்போது இதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

விரைவு என்றால் மறுபடி 'ஃபார் வெஸ்ட்' தான். 1876-இல் லிட்டில் பிக்ஹார்ன் போரில் லகோட்டா, செயென் பழங்குடிப் படைகளிடம் தோற்ற அமெரிக்க ராணுவத்தின் ஏழாம் குதிரைப்படையின் காயம்பட்ட வீரர்களைத் தளத்தில் புல் பரப்பிக் கிடத்தி, கேப்டன் கிராண்ட் மார்ஷ் 710 மைலை 54 மணி நேரத்தில் கடந்து பிஸ்மார்க் சேர்ந்தார். அந்தக் கப்பலையும் 1883-இல் மூழ்கிக் கிடந்த மரம் ஒன்றுதான் முடித்தது.

மூழ்கிய மரம் எப்படிக் கொல்கிறது? கரை இடிந்து ஆற்றில் விழும் மரத்தின் வேர்ப்பக்கம் மண்ணோடு கனத்து அடியில் புதையும். கிளைகள் முறிந்துபோக, அடிமரத்தின் நுனி நீரோட்டம் போகும் திசையைப் பார்த்துச் சாய்ந்து நிற்கும். நீரை எதிர்த்து ஏறிவரும் கப்பலுக்கு அது நேராக நீட்டிய ஈட்டி. நீர்ப்பரப்பில் தெரியும் சின்னச் சுழிப்பு ஒன்றே அடையாளம். காற்று வீசினால் அதுவும் அழிந்துவிடும். 'அரேபியா' என்ற கப்பல் 1856 செப்டம்பர் 5 மாலை பார்க்வில் அருகே இப்படித்தான் ஒரு வால்நட் மரத்தில் ஏறியது. சில நிமிடங்களில் மூழ்கியது. பயணிகள் எல்லாரும் தப்பினார்கள். கட்டிப் போட்டிருந்த கோவேறு கழுதை ஒன்று மட்டும் இறந்தது.

பிறகு ஆறு இடம் மாறிப் போய்விட்டது. 1988-இல் அந்தக் கப்பலைத் தோண்டியபோது அது ஆற்றிலிருந்து அரை மைல் தள்ளி, ஒரு வயலுக்கு அடியில், 45 அடி ஆழத்தில் கிடந்தது. சரக்கெல்லாம் பெட்டி பெட்டியாக அப்படியே இருந்தது. உடம்பைத் துளைத்த அந்த வால்நட் மரத்துண்டையும் எடுத்துக் கான்சாஸ் சிட்டி அருங்காட்சியகத்தில் வைத்தார்கள்.