சூப்பர்மார்க்கெட்டைப் போய் யாராவது படம் எடுப்பார்களா? – ஒரு நேயரின் சந்தேகத்துக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். வட்டார சூப்பர்மார்க்கெட்டுகளைப் பதிவுசெய்யும் பொழுதுபோக்கில் எனக்கு இன்னொரு வருடம் முடிந்துவிட்டது என்று போன வீடியோவில் சொல்லியிருந்தேன் அல்லவா, அதைப் பார்த்துவிட்டு ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: “வாழ்த்துகள். ஆனால் ஒரு சந்தேகம். எல்லா சூப்பர்மார்க்கெட்டும் உள்ளே ஒரே மாதிரிதானே இருக்கிறது? அலமாரி, தள்ளுவண்டி, பில் போடும் இடம். இதை வருடக்கணக்கில் படம் எடுத்து என்ன கிடைக்கிறது? நானும் தொடங்கலாம் என்றால் எதை எடுப்பது, எந்தக் கடையில் தொடங்குவது?”

கேள்வியில் கொஞ்சம் நக்கல் இருக்கிறது. பரவாயில்லை, நியாயமான நக்கல்தான்.

ஒரே மாதிரி இருக்கிறது என்று சொல்கிறீர்களே, அதற்குக் காரணம் இருக்கிறது. 1916இல் அமெரிக்காவில் மெம்பிஸ் நகரத்தில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் பிக்லி விக்லி என்று ஒரு கடை திறந்தார். அதுவரை மளிகைக் கடை என்றால் வாடிக்கையாளர் முன்னால் நின்று பட்டியலைச் சொல்வார், உள்ளே இருப்பவர் எடுத்துக் கொடுப்பார். சாண்டர்ஸ் அதை மாற்றி, ஆட்களைக் கூடையோடு உள்ளே விட்டார். அடுத்த வருடம் அந்த அமைப்புக்குக் காப்புரிமையும் வாங்கிவிட்டார். அந்த வரைபடத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும், ஒரு வாசலில் நுழைந்தால் வளைந்து வளைந்து எல்லா அலமாரியையும் கடந்துதான் கல்லாவுக்கு வர முடியும், குறுக்கே தப்பிக்க வழியே கிடையாது. அப்புறம் பங்குச் சந்தையில் ஒரு பெரிய மோதலில் இறங்கி 1923இல் தன் நிறுவனத்தையே இழந்தார். விட்டாரா என்றால் இல்லை, அடுத்து தொடங்கிய கடைகளுக்கு ‘கிளாரன்ஸ் சாண்டர்ஸ், என் பெயருக்கு நானே ஒரே உரிமையாளர்’ என்ற பொருளில் நீளமாகப் பெயர் வைத்தார். கோபத்தைப் பலகையில் எழுதி மாட்டிய ஒரே மளிகைக்காரர் அவராகத்தான் இருக்கும்.

சொல்ல வந்தது, உள்ளே நடக்கும் முறை அன்றிலிருந்து பொதுவாகிவிட்டது. 1930இல் மைக்கேல் கல்லன் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் ஒரு பழைய வாகனக் கொட்டகையில் கிங் கல்லன் கடையைத் திறந்ததும், 1937இல் ஓக்லஹோமா சிட்டியில் சில்வன் கோல்ட்மேன் தள்ளுவண்டியைக் கொண்டுவந்ததும் அதே பாதையின் அடுத்த கட்டங்கள்தான். ஆக, எலும்புக்கூடு எல்லாக் கடைக்கும் ஒன்றுதான். நான் படம் எடுப்பது அதன் மேல் ஒவ்வொரு வட்டாரக் கம்பெனியும் போர்த்திய தோலை.

அந்தத் தோல் எவ்வளவு வித்தியாசமானது என்று பழக்கப்பட்ட கண்ணுக்குத்தான் தெரியும். ஏ அண்ட் பி என்ற கம்பெனி 1859இல் தொடங்கியது, ஒரு காலத்தில் அமெரிக்காவில் ஏறக்குறைய 16,000 கடை வைத்திருந்தது. அவர்கள் நூறாவது ஆண்டையொட்டி ஒரு கட்டட பாணி கொண்டுவந்தார்கள்: செங்கல் சுவர், சரிவுக் கூரை, உச்சியில் சின்னதாக ஒரு கோபுரம், அதன் மேல் காற்று திசைகாட்டி. கம்பெனி 2015இல் மொத்தமாக மூடிவிட்டது. ஆனால் இன்றைக்கும் ஏதோ ஒரு மருந்துக் கடையின் தலையில் சம்பந்தமே இல்லாமல் அந்தக் கோபுரம் நிற்கும், பார்த்த உடனே தெரிந்துவிடும் இது யாருடைய கட்டடமாக இருந்தது என்று. சேஃப்வே கம்பெனி 1959இல் சான் பிரான்சிஸ்கோவின் மரீனா பகுதியில் வில் போல வளைந்த கூரையும் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியுமாக ஒரு கடை கட்டி, அதே வடிவத்தைப் பல ஊர்களில் திரும்பத் திரும்பக் கட்டியது. அதுவும் அப்படித்தான், உள்ளே இப்போது உடற்பயிற்சிக் கூடமே நடந்தாலும் கூரை காட்டிக்கொடுத்துவிடும்.

இதில்தான் விஷயம் இருக்கிறது. வெளித்தோற்றம் எப்படியும் தங்கிவிடுகிறது. கட்டடம் நிற்கும், வரி ஆவணம் இருக்கும், மேலிருந்து எடுத்த வான்படம் இருக்கும், 2007இலிருந்து கூகுள் ஸ்ட்ரீட் வியூ வண்டி வேறு தெருத் தெருவாகப் போய்க்கொண்டிருக்கிறது, பழைய வருடத்துப் படங்களையும் அதில் தள்ளிப் பார்க்கலாம். உள்பக்கத்தை யார் எடுக்கிறார்கள்? யாரும் இல்லை. எந்த வரிசையில் என்ன இருக்கிறது என்று தொங்கும் பலகை, இறைச்சிப் பகுதிக்கு மேல் எழுதியிருக்கும் எழுத்தின் வடிவம், சுவரில் ஓடும் வண்ணப் பட்டை, இதெல்லாம் அந்தக் கம்பெனி தன் வட்டாரத்து ஆட்களிடம் தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள நினைத்தது என்பதற்கான சாட்சி. புதுப்பிக்கும் வேலை தொடங்கினால் முதலில் குப்பைக்குப் போவதும் இதுதான்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். பார்கோடு போட்ட பொருளைக் கடையில் முதன்முதலாக ஸ்கேன் செய்தது 1974 ஜூன் 26, ஒஹையோ மாநிலத்தின் டிராய் ஊரில், மார்ஷ் என்ற வட்டார சூப்பர்மார்க்கெட்டில், ஒரு சூயிங்கம் பாக்கெட். உலகத்துக்கே பெரிய நாள், எல்லாரும் எழுதிவைத்தார்கள். நல்லது. ஆனால் அதே மார்ஷ் கடைகளில் சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமை உள்ளே எப்படி இருந்தது என்பதை எத்தனை பேர் எடுத்து வைத்திருப்பார்கள்? 2017இல் கம்பெனி திவாலாகி, அந்தப் பெயரே மளிகை வியாபாரத்தை விட்டுப் போய்விட்டது. இப்போது போய் எடுக்க முடியாது.

பெயர் போவது ஒரு வகை. பெயர் அப்படியே இருந்து உள்ளே ஆள் மாறுவது இன்னொரு வகை, அதுதான் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. ரால்ஃப்ஸ், கிங் சூப்பர்ஸ், ஹாரிஸ் டீட்டர் என்று தனித்தனி வட்டாரப் பெயர்களைப் பார்க்கிறீர்கள், மூன்றுக்கும் பின்னால் இருப்பது குரோகர் என்ற ஒரே கம்பெனி. வான்ஸ், ஷாஸ், ஆக்மி, இவை ஆல்பர்ட்ஸன்ஸ் கையில். வாசலில் பழைய பலகை தொங்கும், உள்ளே கடையின் சொந்தத் தயாரிப்புப் பொருட்கள், விலைச் சீட்டின் வடிவம், விளம்பரத் தாள், எல்லாம் மெல்ல மெல்லத் தலைமை அலுவலகத்தின் முகத்துக்கு மாறிக்கொண்டே வரும். ஒரே கடையின் இரண்டு வருடத்துப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் அது பிடிபடும். எல்லாம் ஒரே மாதிரிதானே என்று கேட்டீர்களே, இப்படித்தான் ஒரே மாதிரி *ஆகிறது*.

வேகமாக நடந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க ஹேகன் கதை போதும். வாஷிங்டன் மாநிலத்தில் இருந்த சின்ன வட்டாரக் கம்பெனி, மொத்தம் 18 கடை. 2015இல் ஆல்பர்ட்ஸன்ஸும் சேஃப்வேயும் இணைந்தபோது, போட்டி குறைந்துவிடக் கூடாது என்று அரசுத் தரப்பு சில கடைகளை விற்கச் சொன்னது, அதில் 146 கடைகளை ஹேகன் வாங்கிக்கொண்டது. பதினெட்டு கடை நடத்தியவர்கள் சில மாதத்தில் கலிபோர்னியா, அரிசோனா, நெவாடா வரை 164 கடை. தாங்குமா? அதே வருடம் செப்டம்பரில் திவால் மனு. பெரும்பாலான கடைகள் மூடப்பட்டன அல்லது கை மாறின, சில கட்டடங்கள் திரும்பவும் ஆல்பர்ட்ஸன்ஸிடமே போய்ச் சேர்ந்தன. அந்தச் சில மாதம் மட்டும் தொங்கிய பலகையும் உள்ளே மாட்டிய புதுப் பெயர்களும் யாராவது அன்றைக்குப் போய் எடுத்திருந்தால்தான் இன்றைக்கு உண்டு.

இதற்கு நேர் எதிரான கதையும் இருக்கிறது. 2022 அக்டோபரில் குரோகர், ஆல்பர்ட்ஸன்ஸை 2,460 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அறிவித்தது. 579 கடைகளை வேறு ஒரு கம்பெனிக்குக் கொடுப்பதாகத் திட்டம். 2024 டிசம்பரில் நீதிமன்றம் தடுத்துவிட்டது, எல்லாம் ரத்து. கை மாறப்போகிறது என்ற பயத்தில் ஒருவர் தன் வட்டாரக் கடையைப் படம் எடுத்திருந்தால் அது வீண் இல்லை என்பது என் கருத்து. சொல்லப்போனால் அதுதான் சிறந்த படம், கடை நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்தது. கடைசி நாள் தள்ளுபடி என்று பலகை தொங்கும்போது போனால் என்ன கிடைக்கும்? காலி அலமாரி, மஞ்சள் நிற போஸ்டர், பாதி அணைந்த விளக்கு. அதை எல்லாரும் எடுப்பார்கள். எனக்கு அந்த மூடுவிழாப் படங்களில் அவ்வளவு ஆர்வம் இல்லை.

அமெரிக்காவில் மட்டும்தானா என்றால் இல்லை. இங்கிலாந்தின் வடக்கே பிராட்ஃபோர்டில் வேர்விட்ட மாரிசன்ஸ் 2004இல் அங்கே அதே பெயரில் தனிக் கம்பெனியாக இருந்த சேஃப்வேயை வாங்கித்தான் நாடு முழுக்கப் பரவியது. அதே வடபகுதியில் 1847இல் தொடங்கிய பூத்ஸ் தன் வட்டாரத்தை விட்டு வெளியே போகாமலே இருக்கிறது. இரண்டு வழியும் பதிவுசெய்யத் தக்கதுதான்.

சரி, எதை எடுப்பது. முதலில் கட்டடம் முழுசாக, பக்கத்துக் கடைகளும் தெரிகிற மாதிரி. அப்புறம் உள்ளே போய் நிமிர்ந்து பாருங்கள், குனிந்து பாருங்கள். எல்லாரும் அலமாரியை எடுப்பார்கள், கூரையையும் தரையையும் விட்டுவிடுவார்கள். தரையில் ஓடு நிறம் மாறி ஒரு கோடு போகிறதென்றால் அங்கே முன்பு ஒரு தடுப்போ, குளிர்பெட்டி வரிசையோ இருந்திருக்கலாம். வெளியே சுவரில் பழைய பலகை கழற்றிய இடத்தில் எழுத்துகளின் தடம் மங்கலாகத் தெரியும், சாய்வாக வெயில் விழும் நேரத்தில் எடுத்தால் இன்னும் தெளிவாக வரும். வரிசைப் பலகைகளை வாசிக்க முடிகிற அளவுக்குக் கிட்டத்தில் எடுங்கள்.

ரசீதை மறக்காதீர்கள், இதை அழுத்திச் சொல்கிறேன். பல கம்பெனிகளின் ரசீதில் கிளை எண், முகவரி, தேதி, நேரம் எல்லாம் இருக்கும், அந்தப் படங்களுக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆனால் அது வெப்பத்தில் அச்சாகும் தாள், பெட்டியில் போட்டு வைத்தால் சில வருடத்தில் வெள்ளைத் தாள்தான் மிஞ்சும். அன்றைக்கே படம் எடுத்துவிடுங்கள். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது வருடம், மாதம், நாள், அப்புறம் கடை, ஊர் என்று வைத்தால் தானாக வரிசைப்படும். போன் தேதியை எழுதிக்கொள்கிறதே என்று விடாதீர்கள், ஒரு செயலி வழியாக அனுப்பினாலே அந்தத் தகவல் உதிர்ந்துவிடலாம்.

பழைய கதையைத் தேடும்போது ஒரு எச்சரிக்கை. சொத்து ஆவணத்தில் ‘கட்டிய வருடம்’ என்று இருப்பது கட்டடத்தின் வயது, கடையின் வயது இல்லை. செய்தித்தாளில் வரும் திறப்புவிழா விளம்பரம் நல்ல ஆதாரம், ஆனால் ‘புதிய கடை’ என்று போட்டிருப்பது சில சமயம் பழைய கடைக்கு வெள்ளையடித்துத் திறந்ததாக இருக்கும். கம்பெனியின் பழைய இணையதளத்தில் இருந்த கிளைப் பட்டியல், பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவில் கிடைத்தால் அதையும் பாருங்கள். இரண்டு ஆதாரமாவது ஒத்துப்போகும் வரை ‘சுமார்’ என்றே எழுதுங்கள், இணையத்தில் ஒரு தப்பான வருடம் ஏறிவிட்டால் அதையே பத்து பேர் எடுத்துப் போடுவார்கள், அப்புறம் அதைக் கழற்றவே முடியாது.

அனுமதி பற்றி சுருக்கமாக. கடை அவர்களுடைய இடம். வேண்டாம் என்று சொன்னால் நிறுத்திவிடுங்கள், வாதம் வேண்டாம். மனிதர்கள் முகம் வராமல் எடுங்கள், கூட்டம் இல்லாத காலை நேரத்தில் போனால் இந்தப் பிரச்சினையே பாதி தீர்ந்துவிடும். ஊழியர்களிடம் விஷயத்தைச் சொன்னால் பெரும்பாலும் முதலில் விநோதமாகப் பார்ப்பார்கள், அப்புறம் “அந்த மூலையில்தான் முன்பு பேக்கரி இருந்தது” என்று அவர்களே ஆரம்பித்துவிடுவார்கள். அதையும் அன்றைக்கே குறித்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கடையில் தொடங்குவது? நீங்கள் வாரா வாரம் போகிற கடையில். அழகான கடை, பழைய கடை என்று தேடிக்கொண்டு அலைய வேண்டாம். உங்களுக்குப் பழகிய கடையில்தான் எது நேற்று இல்லாமல் இன்று வந்தது என்று உங்களுக்குத் தெரியும், வெளியூரிலிருந்து வருகிற என்னைப் போன்றவனுக்கு அது தெரியாது. அடுத்த முறை சாமான் வாங்கப் போகும்போது பட்டியலோடு சேர்த்து இதையும் முடித்துவிடுங்கள். அடுத்த சந்தேகம் மங்கலான விளக்கில் படம் ஆடாமல் எடுப்பது பற்றி, அதற்குப் போவோம்.