பெட்டிக்குள் என்ன போடுகிறோம்?

வணக்கம். மோலார் நிறைக்கு ஒன்று, செறிவுக்கு ஒன்று, வாயுவுக்கு ஒன்று என்று இணையத்தில் கணிப்பான்கள் கொட்டிக் கிடக்கின்றன. வேதியியல் வீட்டுப்பாடத்துக்குப் பிள்ளைகள் அவற்றைத் திறப்பதில் எனக்கு வருத்தமில்லை. என் சண்டையெல்லாம் எண்ணையும் வாய்பாட்டையும் தட்டும் அந்தப் பெட்டிக்குள் என்ன போடுகிறார்கள் என்பதில்தான்.

மயில்துத்தத்தை எடுத்துக்கொள்வோம். நீலப் படிகம், காப்பர் சல்பேட். 0.1 மோலார் கரைசல், அதாவது லிட்டருக்கு 0.1 மோல் கரைந்த கரைசல், 250 மில்லிலிட்டர் வேண்டும். (மோல் என்பது துகள்களை எண்ணும் வேதியியல் அலகு.) எத்தனை கிராம் நிறுக்கலாம்? முதலில் மனக்கணக்கு. கால் லிட்டருக்கு 0.025 மோல். இதை மோலார் நிறையால், அதாவது ஒரு மோல் பொருள் எத்தனை கிராம் என்பதால், பெருக்க வேண்டும். எந்த மோலார் நிறை? அங்கேதான் சறுக்கல். நீலப் படிகம் ஐந்து நீர் மூலக்கூறுகளையும் சுமந்துகொண்டிருக்கிறது. நீரோடு 249.7, நீரில்லாமல் 159.6. விடை முறையே 6.24 கிராம், 3.99 கிராம். நீலப் படிகத்தில் 3.99 கிராம் நிறுத்துக் கரைத்தால், 0.1 எங்கே, 0.064 மோலார்தான் தேறும். கணிப்பான் பெருக்கியது சரி. நாம் கொடுத்த பொருள்தான் வேறு.

நீலப் படிகத்தின் வாய்பாட்டில் சல்பேட்டின் ‘ஓ நான்கு’க்கும் ஐந்து நீருக்கும் நடுவே வரும் புள்ளியும் ஆளைக் கவிழ்க்கும். ‘ஓ நான்கு, புள்ளி, ஐந்து’ என்று தட்டும்போது கணிப்பான் அதைத் தசமப்புள்ளியாக எடுத்துக்கொண்டால் நாலரை ஆக்சிஜன் ஆகிவிடும்! திரையில் 185.6 என்று வந்தால் நடந்தது அதுதான். நீரை அடைப்புக்குறிக்குள் எழுதி, வெளியே ஐந்து போடுங்கள், குழப்பம் தீரும். எழுத்தின் அளவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: பெரிய சி, சிறிய ஓ என்றால் கோபால்ட், 58.9. இரண்டும் பெரிய எழுத்தென்றால் கார்பன் மோனாக்சைடு, 28. ஒரு விசைதான் வித்தியாசம்.

அடுத்தது தரம்பார்த்தல், அதாவது அமிலமும் காரமும் ஒன்றையொன்று சரியாக ஈடுசெய்யும் அளவைக் காண்பது. 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 20 மில்லிலிட்டர் இருக்கிறது. அதே செறிவுள்ள சல்பியூரிக் அமிலம் எவ்வளவு வேண்டும்? கரைசலில் நீர் சேர்ப்பதைக் கணக்கிடும் நீர்த்தல் கணிப்பானில் போட்டால் 20 என்று கூசாமல் சொல்லும். சரியான விடை 10. அந்த அமிலத்தின் ஒரு மூலக்கூறு இரண்டு ஹைட்ரஜன் அயனிகளைத் தருகிறதே! நீர்த்தல் கணிப்பானுக்கு வினை நடப்பதே தெரியாது. ஆகவே சமன்செய்த சமன்பாடு முதலில் தாளில் இருக்கட்டும். மறுபடியும் சொல்கிறேன், தாளில்.

வாயுக் கணக்கில் அலகுதான் வில்லன். 27 டிகிரி செல்சியஸை கெல்வின் பெட்டியில் அப்படியே போட்டால் கன அளவு பதினொரு மடங்கு சுருங்கும். போட வேண்டியது 273 கூட்டி 300. அழுத்தம் வளிமண்டலத்திலும் கன அளவு லிட்டரிலும் இருந்தால் வாயுச் சமன்பாட்டில் வரும் வாயு மாறிலி 0.0821. பாஸ்கலும் கனமீட்டரும் என்றால் 8.314.

ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டதாம். அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் எண்ணைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன். ஒன்றை மட்டும் சொல்கிறேன். பத்தின் அடுக்கு மைனஸ் எட்டு மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு மடக்கை மட்டும் போட்டால் 8 வரும். 7-க்கு மேல் என்றால் காரம், அமிலம் எப்படிக் காரமாகும்? 25 டிகிரியில் தண்ணீர் தரும் ஹைட்ரஜன் அயனிகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் 6.98. விடையில் எத்தனை இலக்கம் வைப்பது என்ற முக்கிய எண்ணுருக்களுக்கு இன்று நேரமில்லை. வணக்கம்.