நல்ல நண்பரையே கல்யாணம் செய்துகொள்ளலாமா?

[திரையில்: உக்கடம் பேருந்து நிலையம், சாயங்காலம். பொள்ளாச்சி பஸ்ஸுக்காக இருவர்.]

வணக்கமுங்க. இவர்கள் மூன்று வருடமாக ஒரே பஸ்ஸில் போய்வருகிறார்கள். ஒருவர் டிபன்பாக்ஸில் என்ன இருக்கும் என்று மற்றவர் திறக்காமலே சொல்லுவார். கேட்டால், "நாங்க பிரெண்ட்ஸ் மட்டுந்தானுங்க" என்பார்கள். இன்றைய தேதிக்கு அது உண்மையாகவும் இருக்கலாம்.

2021இல் வெளிவந்த ஓர் ஆய்வில் கனடா, அமெரிக்காவைச் சேர்ந்த 1,897 பேரின் பதில்களைத் தொகுத்துப் பார்த்தார்கள். மூன்றில் இரண்டு பங்குப் பேர், துணையோடு முதலில் நண்பர்களாகத்தான் இருந்திருக்கிறார்கள். கல்லூரி மாணவர்களைத் தனியாகக் கேட்டபோது, காதலாக மாறச் சராசரியாகச் சுமார் 22 மாதம் ஆகியிருக்கிறது. பெரும்பாலோர் காதல் எண்ணத்தோடு பழகத் தொடங்கவே இல்லை.

சரி, அது அங்கே. இங்கே?

[திரையில்: திண்ணையில் பாட்டி.]

"பையன் என்ன கூட்டம், அம்மிணி?"

கொங்கு வேளாளக் கவுண்டர்களில் காடை, ஆந்தை, கண்ணந்தை என்று பல கூட்டங்கள், அதாவது குலப் பிரிவுகள். ஒரே கூட்டம் என்றால் பங்காளி, அண்ணன் தங்கை முறை. அதோடு பேச்சு முடிந்தது. வேறு கூட்டமாக இருந்தால் மாமன் மச்சான் முறை, மேலே பேசலாம். மூன்று வருட பஸ் பயணத்தில் ஒரு நாளும் எழாத கேள்வி, வீட்டு வாசலில் முதல் கேள்வியாக நிற்கிறது.

சாதியே வேறு என்றால்? 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்ட தலித் இளைஞர், தன் கல்லூரியில் படித்த பெண்ணைத்தான் மணந்திருந்தார். இதை விட்டுவிட்டு நட்பு, காதல் என்று இனிக்க இனிக்கப் பேச எனக்கு வாய் வரவில்லை.

என்னைக் கேட்டால், நட்பு நல்ல வழிதான். ஆனால் அது ஆளைக் காட்டும், வீட்டைக் காட்டாது. அம்மாவைப் பற்றி நம்மிடம் மணிக்கணக்கில் குறை சொல்கிறவர், அம்மா எதிரே வாயே திறக்க மாட்டார். நம் கொங்குக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையையும் அவர் சகோதரியையும் வைத்துச் செய்கிற சீர். பஸ்ஸில் தனியாக வந்த நண்பர், மணவறைக்கு அக்காவோடுதான் வருகிறார்!

அதனால் ஒரு தடவை அவர் வீட்டு விசேஷத்துக்குப் போய்ப் பாருங்கள். சீர் பத்தவில்லை என்று யாராவது முறுக்கிக்கொள்ளும்போது அவர் எந்தப் பக்கம் நிற்கிறார்? சம்பளம் எவ்வளவு, கடன் எவ்வளவு என்றும் கேட்டுவிடுங்கள். பிரெண்டிடம் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும்.

[திரையில்: பதிவாளர் அலுவலக அறிவிப்புப் பலகை.]

கடைசியாக ஒரு சட்ட விவரம். 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவு செய்வதானால் பையனுக்கு 21, பெண்ணுக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும். முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்து, 30 நாள் காத்திருக்க வேண்டும். அந்த நோட்டீஸை எல்லோர் கண்ணிலும் படும்படி அலுவலகத்தில் ஒட்டுவார்கள். சொந்தக்காரர் ஒருவர் பார்த்தால் போதும், சாயங்காலத்துக்குள் சேதி ஊர் போய்ச் சேர்ந்துவிடும். வீட்டில் சொல்வதா, எப்போது சொல்வது என்பதை நோட்டீஸ் கொடுக்கும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். சாட்சிக்கு மூன்று பேர் வேண்டும். அதற்கு எப்படியும் அந்த பஸ் கூட்டத்திலிருந்துதான் ஆள் வருவார்கள்.