சிவப்பு பெயிண்ட் வெள்ளை பூத்துப்போச்சு, கழுவிடலாமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம் நண்பர்களே. இன்னிக்கு ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கிறேன். மழைக்காலம் வந்தாலே, பிளாஸ்டிக் கார் மாடல் கட்டற நண்பர்கள்கிட்டருந்து இந்தக் கேள்வி வேற வேற ஊர்லருந்து வந்துடும். கேட்கிற ஒவ்வொருத்தரும் நம்ம கைதான் சரியில்லைன்னு நினைச்சு மனசு உடைஞ்சு கேட்கிறாங்க. அதனால கொஞ்சம் நிதானமாவே பேசறேன்.

நாகப்பட்டினத்துலருந்து ஒரு தம்பி எழுதியிருக்கார், கல்லூரியில படிக்கிறவர். புதுசா வர்றவங்களுக்கு ஒரு வரி: டாமியாங்கறது ஜப்பான் மாடல் கம்பெனி, டிஎஸ்ங்கறது அவங்களோட ஸ்ப்ரே பெயிண்ட் வரிசை, கிட்டுங்கறது நாமே ஒட்டிக் கட்டற பிளாஸ்டிக் பாகங்கள், 1/24ன்னா நிஜக் கார் நீளத்துல இருபத்துநாலுல ஒரு பங்கு. அவர் எழுதினதை அப்படியே படிக்கிறேன்: "அண்ணா, ஆறு மாசம் காசு சேர்த்து டாமியாவோட ஃபெராரி எஃப்40 கிட் வாங்கினேன், 1/24 அளவு. பாடியை சோப்புத் தண்ணியில கழுவி, காயவெச்சு, பிரைமர் அடிச்சு, அதுமேல டிஎஸ்-8 இத்தாலியன் ரெட் ஸ்ப்ரே அடிச்சேன். சாயங்காலம் மழை விட்டதும் மொட்டை மாடியில வெச்சுதான் அடிச்சேன். அடிச்ச உடனே கண்ணாடி மாதிரி இருந்துச்சு. பத்து நிமிஷத்துல கூரையிலயும் பானெட்லயும் பால் தெளிச்ச மாதிரி வெளுத்துப்போச்சு. டப்பா பழசா இருக்குமா? நெயில் பாலிஷ் ரிமூவர் வெச்சு எல்லாத்தையும் துடைச்சு எடுத்துட்டு மறுபடி அடிக்கட்டுமா?"

தம்பி, முதல்ல அந்த ரிமூவர் பாட்டிலை மூடி தூர வெச்சிடுங்க. மத்ததெல்லாம் அப்புறம். நெயில் பாலிஷ் ரிமூவர்ல பெரும்பாலும் இருக்கிறது அசிட்டோன். நம்ம கிட்டு பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக். அசிட்டோன் பெயிண்டை மட்டும் எடுத்துட்டு நிக்காது, பிளாஸ்டிக்கையும் சேர்த்துக் கரைக்கும். எஃப்40 கூரையைத் தாங்கற அந்த மெல்லிசு தூண் இருக்கே, அது மெழுகு மாதிரி குழைஞ்சிடும். ஹார்டுவேர் கடையில விக்கிற என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரும், அதாவது பெயிண்டைக் கரைக்கற திரவமும், அப்படித்தான், அதை ஊத்திக் கழுவவே கூடாது. பெயிண்ட் போனா திரும்ப அடிச்சுக்கலாம், பாடி போனா ஒண்ணும் பண்ண முடியாது.

அடுத்தது, உங்க டப்பா பழசும் இல்லை, உங்க கையும் தப்பு பண்ணலை. நீங்க சொன்னதுல ஒரே ஒரு வார்த்தையிலதான் முழுக்காரணமும் இருக்கு: "மழை விட்டதும்".

எங்க தெருவுல மரச்சாமானுக்குப் பாலிஷ் போடற ஒரு பெரியவர் இருந்தார். நான் பள்ளிக்கூடம் போற காலத்துல அவர் வேலை செய்யறதைப் பார்த்துக்கிட்டே நின்னிருக்கேன். மேகம் மூடியிருந்தா டப்பாவையே திறக்க மாட்டார். வீட்டுக்காரர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், "இன்னிக்குப் போட்டா பூக்கும்ங்க, நாளைக்கு வெயில் வரட்டும்"னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிடுவார். பூக்கும்ங்கற அந்த வார்த்தை எனக்கு அப்போ புரியலை. இருபது வருஷம் கழிச்சு என்னோட முதல் கார் மாடல் வெளுத்துப்போனப்பதான் புரிஞ்சுது. அவர் போட்ட என்.சி. லாக்கரும் நீங்க அடிச்ச டிஎஸ் ஸ்ப்ரேயும் தூரத்துச் சொந்தக்காரங்க. ரெண்டும் லாக்கர், அதாவது கரைப்பான் பறந்ததும் காஞ்சு படலமாகற பூச்சு. ரெண்டுலயும் வேகமா ஆவியாகற கரைப்பான்தான்.

எப்படி நடக்குதுன்னு பாருங்க. ஊசி போடறதுக்கு முன்னாடி கையில ஸ்பிரிட் தடவறாங்க, அந்த இடம் ஜில்லுனு ஆகுது. திரவம் ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கிட்டுப் போறதுதான் காரணம், மண்பானைத் தண்ணி குளிர்றதும் இதனாலதான். உங்க எஃப்40 பானெட் மேல கரைப்பான் சரசரன்னு பறக்கும்போது அந்தப் பரப்பும் சில டிகிரி குளிர்ந்துபோகுது. குளிர்ந்த பரப்பு மேல ஈரக்காத்து பட்டா என்ன ஆகும்? ஐஸ் தண்ணி டம்ளரோட வெளிப்பக்கம் வேர்க்குதே, அதேதான். கண்ணுக்குத் தெரியாத அளவுல தண்ணி, காயாத பெயிண்டுக்குள்ள இறங்கிடுது.

இதுல கணக்கு ஒண்ணு இருக்கு, நான் ரசிச்சுப் படிச்சது. மழை விட்ட சாயங்காலம் 28 டிகிரி வெப்பம், ஈரப்பதம் 90 சதவீதம்னு வெச்சுக்கோங்க. அந்தக் காத்துல பனி படியறதுக்கு ஒரு பொருள் ஏறக்குறைய 26 டிகிரிக்கு இறங்கினாலே போதும். ரெண்டே டிகிரி! ஸ்ப்ரே அடிச்சா ரெண்டு டிகிரி சுலபமா இறங்கிடும். அதுவே 34 டிகிரி வெயில், ஈரப்பதம் 45 சதவீதம் உள்ள நாள்னா, பனி படிய 20 டிகிரி வாக்குல இறங்கணும். 13, 14 டிகிரி இடைவெளி இருக்கு. அதே டப்பா, அதே கை, அதே பாடி. ஒரு நாள் பூக்குது, ஒரு நாள் கண்ணாடியா வருது.

சரி, தண்ணி காஞ்சு போயிடுமே, வெள்ளை ஏன் நிக்குதுன்னு கேட்பீங்க. தண்ணி உள்ள வந்ததும் பெயிண்டுல படலமா நிக்கற ரெசின், அதாவது பிசின், கரைசல்லருந்து பிரிஞ்சு திப்பிதிப்பியா கெட்டியாகிடுது. தண்ணி பறந்தபிறகும் அந்த நுண்ணிய ஓட்டைங்க அப்படியே இருக்கும், வெளிச்சம் அதுல பட்டு சிதறும். கற்கண்டு கண்ணாடி மாதிரி இருக்கு, அதையே பொடிச்சா வெள்ளை வெளேர்னு தெரியுது. சர்க்கரை மாறலை, இடைவெளிதான் வந்திருக்கு. உங்க சிவப்பும் அங்கேயேதான் இருக்கு தம்பி, எங்கேயும் போயிடலை.

அதனாலதான் கழுவ வேண்டாம்னு சொல்றேன். லாக்கருக்கு ஒரு நல்ல குணம் உண்டு, காஞ்சபிறகும் தன் கரைப்பானைப் பார்த்தா மறுபடி இளகும். காய்ஞ்ச ஒரு நாள்ல அதே டிஎஸ்-8ஐ மெல்லிசா ஒரு தூவல், பத்து பதினஞ்சு நிமிஷம் கழிச்சு கொஞ்சம் ஈரமா ஒரு கோட் அடிங்க. புதுக் கரைப்பான் மேலாப்புல இருக்கற பழைய படலத்தை இளக்கும், ஓட்டைங்க மூடிக்கும், வெள்ளை கரைஞ்சு போறதை உங்க கண்ணாலயே பார்ப்பீங்க. ஏர்பிரஷ், அதாவது காத்தழுத்தத்துல பெயிண்ட் தூவற சின்னக் கருவி, வெச்சிருக்கறவங்களுக்கு இன்னும் சுலபம். மிஸ்டர் கலர் லெவலிங் தின்னர், இல்லைன்னா டாமியாவோட ரிடார்டர் கலந்த லாக்கர் தின்னர், இதுல ஏதாவது ஒண்ணைத் தனியா, பனி மாதிரி மெல்லிசா மேல விட்டாலே போதும். ரிடார்டர்ங்கறது பெயிண்ட் காயற வேகத்தைக் குறைக்கற சரக்கு. மெதுவா ஆவியானா பரப்பு அவ்வளவா குளிராது, உள்ள போன தண்ணிக்கும் வெளியேற நேரம் கிடைக்கும். ஆனா தின்னரை வழியற அளவுக்கு விட்டீங்கன்னா பெயிண்டோட சேர்ந்து ஓடிடும், கவனம்.

எப்போ அடிக்கறது? நீங்க கடற்கரை ஊர்ல இருக்கீங்க, நான் சென்னையில, ரெண்டு பேருக்கும் ஒரே பாடுதான். அதிகாலையில அடிக்காதீங்க, ஈரப்பதம் உச்சத்துல இருக்கற நேரம் அது. வெயில் காலத்துல கடற்காத்து உள்ள ஏறுறதுக்கு முன்னாடி, பத்தரைலருந்து பன்னெண்டு மணிக்குள்ள நல்ல நேரம். ஐப்பசி கார்த்திகையில அடைமழை பிடிச்சா நான் பாடிக்கு பெயிண்ட் அடிக்கறதையே நிறுத்திடுவேன். அந்த நாள்ல இன்ஜின், சீட், டேஷ்போர்டு, சக்கரம்னு மேட் கறுப்பு வேலைங்களைப் பிரஷ்ல முடிச்சு வெச்சுக்குவேன். சில நூறு ரூபாய்க்கு ஈரப்பதம் காட்டற சின்ன மீட்டர் கிடைக்குது, ஒண்ணு வாங்கி மாடியில மாட்டுங்க. 65க்கு மேல காட்டினா நான் பளபளப்பு கோட்டைத் தொட மாட்டேன். கோயம்புத்தூர், மதுரைப் பக்கம் இருக்கறவங்களுக்கு எங்களைவிட நல்ல நாள் அதிகம் கிடைக்கும்.

இன்னொண்ணு, இதுல நிறைய பேர் ஏமாந்துடறாங்க. ஏசி ரூம்ல ஈரம் இல்லையேன்னு பாடியை ராத்திரி முழுக்க அங்க வெச்சிருந்து, காலையில மாடிக்கு எடுத்துட்டுப்போய் உடனே அடிப்பாங்க. குளிர்ந்த பாடி வெளியில வந்ததுமே வேர்க்கும், பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னாடியே தண்ணி படிஞ்சிடும். அரை மணி நேரமாவது வெளிக்காத்துல நிழல்ல வெச்சு, கன்னத்துல வெச்சுப் பார்த்தா ஜில்லுனு இல்லைங்கற நிலை வந்தபிறகு அடிங்க. டப்பாவையும் வெதுவெதுப்பான தண்ணியில அஞ்சு நிமிஷம் நிறுத்தி எடுத்தா அழுத்தம் சீராகி தூவல் பொடியா வரும். வெதுவெதுப்புன்னா கை பொறுக்கற சூடு மட்டும்தான். 40 டிகிரியைத் தாண்டவே கூடாது, அடுப்புப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. ஏசி ரூமை மூடிக்கிட்டு உள்ளயே ஸ்ப்ரே அடிக்கறதும் வேண்டாம். அந்த ஆவி தீப்பிடிக்கும், பூஜை விளக்கு எரியற வீட்டுல விளையாட்டு இல்லை. துணி மாஸ்க்கும் கரைப்பான் ஆவியைத் தடுக்காது. கரி கார்ட்ரிட்ஜ் போட்ட மாஸ்க்தான் போடணும். ஒரு கிட்டுக்கான காசை மிச்சம் பிடிச்சாவது அதை முதல்ல வாங்குங்க.

இப்போ நீங்க கேட்காத ஒண்ணு, ஆனா எஃப்40 கட்டறீங்கன்னதும் எனக்குச் சொல்லத் தோணுது. வெள்ளையை மறைக்கணும்ங்கற பதட்டத்துல கோட் மேல கோட்டா ஏத்திடாதீங்க. நிஜக் கார்ல பெயிண்ட், அதுமேல அடிக்கற நிறமில்லாத கிளியர் எல்லாம் சேர்ந்தே சுமார் 0.1 மில்லிமீட்டர்தான் வரும். நம்ம மாடல் மேலயும் அதே 0.1 மில்லிமீட்டர் பெயிண்ட் இருந்தா, 24ஆல பெருக்கிப் பாருங்க: நிஜக் கார் மேல 2.4 மில்லிமீட்டருக்குப் பூசின மாதிரி. கதவு இடுக்கெல்லாம் ரொம்பிடும், காத்துப் போக வெட்டியிருக்கற பள்ளங்களோட கூர் மழுங்கிடும், மொத்தத்துல களிமண் பூசின பொம்மை மாதிரி ஆயிடும். அதுவும் எஃப்40க்கு இது இன்னும் பொருந்தாது. 1987ல ஃபெராரி கம்பெனியோட நாற்பதாவது வருஷத்துக்காக வந்த கார் அது, எடை குறைக்கறதுக்காக அந்த நிஜக் காருக்கே பெயிண்டை ரொம்ப மெல்லிசா அடிச்சாங்க. பக்கத்துல நின்னு பார்த்தா சிவப்புக்குக் கீழ இருக்கற கார்பன்–கெவ்லார் நெசவே தெரியும். நெசவு தெரியற காரை 18 சென்டிமீட்டர் நீளத்துல கட்டறோம், அதுக்கு எவ்வளவு மெல்லிசு வேணும்னு யோசிச்சுப் பாருங்க! நான் கதவுக் கோடுகளைப் பிரைமருக்கு முன்னாடியே கத்தியோட முதுகால மெதுவா ஒருமுறை ஆழப்படுத்திக்குவேன். அடுத்த கிட்டுல செஞ்சு பாருங்க. சிவப்புக் காருக்கு சாம்பல் பிரைமரைவிட பிங்க் பிரைமர் போட்டா ரெண்டே கோட்ல நிறம் பளிச்சுனு வரும், பெயிண்டும் மிச்சம்.

ரெண்டு கோட் அடிச்சும் எங்கேயாவது லேசா மங்கல் நின்னா, அது மேலாப்புலதான் இருக்கும், பாலிஷ்லயே போயிடும். அதுக்கு முன்னாடி முழுசா காயணும். எனக்குத் தெரிஞ்ச சரியான சோதனை மூக்குதான். ஒரு வாரம் டப்பாவுல மூடி வெச்சுட்டு, திறந்ததும் மோந்து பாருங்க. பெயிண்ட் வாசனை வந்தா இன்னும் காயலை, மூடி வெச்சிடுங்க. வாசனை நின்னபிறகு 2000 நம்பர் வாட்டர் பேப்பரை (நனைச்சுத் தேய்க்கற உப்புத்தாள்) சோப்புத் தண்ணியில நனைச்சு மெதுவா ஓட்டுங்க, அப்புறம் 3000, அப்புறம் டாமியா காம்பவுண்டு, அதாவது பாலிஷ் பேஸ்ட்: கோர்ஸ், ஃபைன், ஃபினிஷ், இந்த வரிசையில. பாடியோட விளிம்பு, கதவோரம், பின்னால நிக்கற விங்கோட முனை, இங்கெல்லாம் பேப்பரே படக்கூடாது. பெயிண்ட் முதல்ல தேயற இடம் அதுதான், தேய்ஞ்சா பிரைமர் எட்டிப் பார்க்கும். அந்த முனைகள்ல ஃபினிஷ் காம்பவுண்டை மட்டும் துணியால தொட்டு எடுங்க, போதும்.

டிஎஸ்-13 கிளியர் அடிக்கற எண்ணம் இருந்தா, ஸ்டிக்கர் ஒட்டின இடத்துல முதல் ரெண்டு முறை தூவல் மட்டும்தான். எடுத்த எடுப்புல ஈரமா அடிச்சா அந்த ஸ்டிக்கர் (டீக்கால்) சுருங்கிடும்.

எல்லாம் செஞ்சும் பெயிண்ட் வழிஞ்சு, தூசி ஒட்டி, தாங்கவே முடியலைன்னா அப்போ கழுவலாம். 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா, ஒரு நாள் ஊறல், பழைய டூத் பிரஷ். பொறுமையா விட்டா லாக்கர் உரிஞ்சு வரும், பாலிஸ்டைரீன் தாங்கும். ஆனா நீங்க சொன்னதை வெச்சுப் பார்த்தா உங்க பாடிக்கு அது தேவைப்படாது.

இந்த வாரம் பாடியைத் தொடாம மூடி வையுங்க தம்பி. வெயில் வந்த ஒரு நாள், மீட்டர் 65க்குக் கீழ காட்டினதும், ஐஸ்கிரீம் கடை பிளாஸ்டிக் ஸ்பூன் ரெண்டுல முதல்ல அடிச்சுப் பாருங்க. கால் மணி நேரம் கழிச்சும் ஸ்பூன் சிவப்பாவே பளபளத்தா, அதே இடத்துல, அதே தூரத்துல, 25 சென்டிமீட்டர் தள்ளி நின்னு, பாடிக்கு அடிங்க. முன்பக்கத்துக்கு வெளியில இருந்தே தூவலைத் தொடங்கி, பின்பக்கத்தைத் தாண்டினபிறகுதான் விரலை எடுக்கணும். அடிச்சு முடிச்சதும் போட்டோ அனுப்புங்க, பானெட்டைக் கொஞ்சம் கிட்டத்துல எடுத்து.