முக்கால் மணி நேரம், ஒரே பாறை

நேயர்களுக்கு வணக்கம். பவளப்பாறை பார்க்கப் போன கதையைச் சொல்ல வேண்டும் என்று நிலையத்திலிருந்து கூப்பிட்டபோது முதலில் மறுத்துவிட்டேன். நான் கடலைப் படித்தவள் இல்லை, ஹூஸ்டனில் ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவள், சொந்த ஊர் தூத்துக்குடி என்பதைத் தவிர கடலோடு எனக்குப் பெரிய சம்பந்தம் கிடையாது, நீச்சல்கூட நாற்பது வயதுக்கு மேல்தான் கற்றுக்கொண்டேன். "அதனால்தான் கூப்பிடுகிறோம், நீச்சல் வராதவர்கள் போக முடியுமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றார்கள். சரி, முடியும். ஆனால் தனிப் படகு எடுத்துக்கொண்டு போங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

நாங்கள் போனது பெலீஸ் நாட்டுக்கு. மெக்சிகோவுக்குக் கீழே, குவாத்தமாலாவுக்குப் பக்கத்தில், கரீபியன் கடலோரமாக ஒட்டிக்கொண்டிருக்கிற சின்ன நாடு, மொத்த ஜனத்தொகையே நாலு லட்சம்தான். 1981 வரை ஆங்கிலேயர் கையில் இருந்ததால் இன்றைக்கும் ஆங்கிலம்தான் அரசு மொழி. ஹூஸ்டனிலிருந்து விமானத்தில் இரண்டரை மணி நேரம், அங்கிருந்து ஒரு குட்டி விமானத்தில் ஏறினால் கால் மணி நேரத்தில் சான் பெத்ரோ என்கிற தீவு ஊர். அந்த விமானத்தில் ஜன்னலோரம் உட்காருங்கள். கடலுக்கு நடுவே கோலமாவால் இழுத்த மாதிரி ஒரு வெள்ளைக் கோடு, கண்ணுக்கெட்டின தூரம் வரை தெரியும். அலை வந்து மோதி உடைகிற இடம் அது. அதற்குக் கீழேதான் பவளப்பாறை இருக்கிறது. பெலீஸ் கரையோரம் மட்டும் ஏறக்குறைய 300 கிலோமீட்டர், ஆஸ்திரேலியாவில் இருப்பதற்கு அடுத்தபடியாக உலகத்திலேயே நீளமான தடுப்புப் பாறைத்தொடரில் இது பெரிய பங்கு. சான் பெத்ரோவில் அந்தக் கோடு கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. ராத்திரி படுத்திருந்தால் தூரத்தில் ரயில் போவது மாதிரி அதன் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருக்கும்.

நாங்கள் நாலு பேர். நான், என் வீட்டுக்காரர், பன்னிரண்டு வயது மகள், ஊரிலிருந்து வந்திருந்த அப்பா. அப்பாவுக்கு எழுபத்தொரு வயது. முதல் நாள் காசைப் பார்த்துக் கூட்டப் படகில் ஏறினோம். இருபது பேர், இரண்டு வழிகாட்டிகள். அப்பாவைப் பார்த்ததும், "பெரியவர் படகிலேயே உட்காரட்டும்" என்று சொல்லிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, இருபது பேரில் ஒருவரை மட்டும் யார் கவனிப்பது? ஆனால் தண்ணீருக்குள் இருந்த நேரம் முப்பத்தைந்து நிமிஷம். அதில் பத்து நிமிஷம் என் கண்ணாடிக்குள் தண்ணீர் போனதைச் சரிபண்ணுவதில் கழிந்தது, இன்னொரு பத்து நிமிஷம் முன்னால் போனவரின் கால் என் முகத்தில் படாமல் தப்பிப்பதில் கழிந்தது. மீன் பார்த்தேனா என்று கேட்டால், பார்த்தேன், கல்யாண வீட்டில் பந்தியை எட்டிப் பார்த்த மாதிரி. திரும்பி வந்த பிறகு கடல் காப்பகத்து நுழைவுக் கட்டணம் தனி, துடுப்பு மாதிரிக் காலில் மாட்டுகிற ஃபின்னுக்கு வாடகை தனி என்று இன்னொரு ரசீது நீட்டினார்கள். அப்பா பாவம், மூன்று மணி நேரம் வெயிலில் உட்கார்ந்துவிட்டு, "நல்லா இருந்துச்சும்மா" என்றார். எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் மரப்பாலத்தில் நின்றிருந்த ஒரு படகுக்காரரிடம் போய்ப் பேசினேன். தனிப் படகு என்றால் ஆளுக்கு இவ்வளவு என்று கிடையாது, படகுக்கு இவ்வளவு. அரை நாள், நாலு பேர் என்று வகுத்துப் பார்த்தால் முந்தின நாளை விட ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்தது. ஆறு பேர் சேர்ந்தால் அவ்வளவு தெரியாது. நான் கேட்டதெல்லாம்: நுழைவுக் கட்டணம் இதில் சேர்த்தியா, சாமான்கள் சேர்த்தியா, தண்ணீரில் எங்களோடு நீங்களே இறங்குவீர்களா, வேறு ஆளை அனுப்புவீர்களா? உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் அந்தக் காப்பகத்தில் யாரும் இறங்கக் கூடாது என்பது சட்டம், அந்த அட்டையையும் காட்டச் சொன்னேன். சிரித்துக்கொண்டே காட்டினார். கடைசியாக அப்பாவைக் கை காட்டி, "இவரையும் இறக்க வேண்டும்" என்றேன். மனுஷர் அப்பாவின் கையைப் பிடித்துப் பார்த்தார், தோளைத் தட்டினார், "பாப்ஸ் வருவார்" என்றார். அங்கேயே பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

கிளம்பும் முன் கரையோரம் இடுப்பளவு தண்ணீரில் பாடம் நடந்தது. முகக்கண்ணாடி மங்காமல் இருக்க உள்பக்கம் எச்சில் துப்பித் தேய்த்து லேசாக அலச வேண்டும், இதைவிட நல்ல மருந்து இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. என் வீட்டுக்காரருக்கு எத்தனை தடவை மாட்டினாலும் தண்ணீர் உள்ளே போனது. காரணம் மீசை. ரப்பர் விளிம்பு தோலில் ஒட்ட வேண்டும், நடுவில் மீசை இருந்தால் எப்படி ஒட்டும்? வழிகாட்டி கொஞ்சம் வாசலின் தடவிவிட்டார். அதோடு போயிற்று, இல்லாவிட்டால் இருபத்தைந்து வருஷத்து மீசை பெலீஸில் போயிருக்கும். எனக்கு இருந்த பிரச்சினை வேறு. முகத்தைத் தண்ணீருக்குள் வைத்ததும் உடம்பு தன்னால் மூச்சைப் பிடித்துக்கொள்கிறது. வாயில் கவ்விய குழாயின் மறுமுனை தண்ணீருக்கு மேலே இருக்கிறது, காற்று வருகிறது என்று புத்திக்குத் தெரியும், நெஞ்சுக்குத் தெரியாது. "வெளியே விடுவதை மட்டும் நீளமாக விடு, உள்ளே இழுப்பது தன்னால் நடக்கும்" என்றார். பத்து மூச்சில் சரியாகிவிட்டது. கூட்டப் படகில் இந்தப் பத்து மூச்சுக்கு நேரம் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

போன இடத்தின் பெயர் ஹோல் சான். மாயா மொழியில் சின்ன வாய்க்கால் என்று அர்த்தம், பாறைத்தொடரில் விழுந்த ஒரு வெட்டு அது. ஆழம் ஒன்பது மீட்டர் போல. கடல் ஏறும்போதும் இறங்கும்போதும் தண்ணீர் இந்த வாய்க்கால் வழியாகத்தான் போய் வருகிறது, அந்த ஓட்டத்தில் இரை வரும் என்று மீன்கள் சுவரோரமாகக் காத்து நிற்கும். 1987-ல் இதைக் கடல் காப்பகமாக அறிவித்தார்கள். இதற்கு ஒரு வருஷம் முன்பு, 1986-ல்தான் நம்ம மன்னார் வளைகுடாவைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள், இதை அப்பாதான் ஞாபகமாகச் சொன்னார்.

வழிகாட்டி எங்களை நேராக வாய்க்காலுக்குக் கூட்டிப் போகவில்லை. ஓட்டம் இப்போது வேகமாக இருக்கிறது, கொஞ்சம் தணியட்டும் என்று, இரண்டு ஆள் ஆழம் மட்டும் இருந்த ஒரு பாறைத் திட்டுக்குப் பக்கத்தில், ஏற்கெனவே போட்டிருந்த மிதவையில் படகைக் கட்டினார். நங்கூரம் போடக் கூடாது, ஒரு தடவை இழுபட்டால் நூறு வருஷத்துப் பவளம் காலி. அப்பாவுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டி, கைக்கு ஒரு ரப்பர் வளையம் கொடுத்து, வளையத்தில் கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். கோயில் யானையைக் கூட்டிப் போவது மாதிரி மெதுவாக.

கீழே இருந்தது ஒரு மூளைப் பவளம். பெயர் பொருத்தமான பெயர், அப்படியே மூளை மாதிரி மடிப்பு மடிப்பாக, நம்ம வீட்டு ஆட்டுக்கல் இரண்டைச் சேர்த்து வைத்த அகலம். வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளருமாம். கணக்குப் போட்டுப் பாருங்கள், என் கொள்ளுத் தாத்தா காலத்தில் அது கைப்பிடி அளவு இருந்திருக்கும். பக்கத்தில் ஊதா நிறத்தில் விசிறிப் பவளம், அலை வரும்போது ஒரு பக்கம், போகும்போது மறுபக்கம். அப்போதுதான் ஒரு சத்தம் கேட்டது, யாரோ முறுக்குக் கடிக்கிற மாதிரி, நறுக் நறுக்கென்று. பவளத்தின் மேலே நடமாடிக்கொண்டிருந்த கிளிமீன்தான். கிளி மூக்கு மாதிரி பல்லை வைத்துப் பாறையில் படர்ந்த பாசியைச் சுரண்டித் தின்கிறது, பாசியோடு கல்லும் உள்ளே போகிறது, கல் தொண்டைப் பல்லில் அரைபட்டுப் பின்னால் வெண்மணலாக வருகிறது. புகை மாதிரி அது வெளியே வருவதைப் பார்த்து என் மகள் குழாய்க்குள்ளேயே சிரித்துத் தண்ணீரைக் குடித்துவிட்டாள். கரீபியன் கடற்கரை வெண்மணலில் கணிசமான பங்கு இந்த மீன் போட்டதுதான். பாசியைத் தின்று பவளத்துக்கு மூச்சுவிட இடம் கொடுக்கிறது என்பதால் 2009-லிருந்து பெலீஸில் கிளிமீன் பிடிப்பதற்கே தடை.

முக்கால் மணி நேரம் அந்த ஒரே பாறை. யாரும் கிளம்பச் சொல்லவில்லை. முதல் பத்து நிமிஷம் பெரிய மீன்களைத்தான் கண் தேடும், அதற்கப்புறம்தான் மடிப்புக்குள் பொட்டு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிற புழுக்கள், அவை விரித்து வைத்திருக்கிற குட்டிக் குடைகள், நம் நிழல் பட்டதும் அவை படக்கென்று மூடிக்கொள்வது எல்லாம் தெரிய ஆரம்பிக்கும். தனிப் படகுக்குக் கொடுக்கிற காசு இதற்குத்தான்.

அப்பா மேலே ஏறியதும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "எம்மா, இதைத்தானே நாங்க காளவாசல்ல போட்டு வேகவெச்சோம்" என்றார். எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. தூத்துக்குடியில் அப்பா வாலிபமாக இருந்தபோது தீவுகளிலிருந்து வள்ளம் வள்ளமாகப் பவளக்கல் வரும், சுண்ணாம்பு எரிக்க, கட்டடம் கட்ட. அப்பா அங்கே இரண்டு வருஷம் கணக்கெழுதியிருக்கிறார். "கல்லுன்னுதாம்மா சொல்வோம். செத்துக் காய்ஞ்சு வெள்ளையாத்தான் வரும், உசிரோட நான் பாத்ததே இல்ல." 2001-ல் சட்டம் போட்டுப் பவளத்தை எடுக்கக் கூடாது என்றார்கள், ஆனால் அதற்குள் மன்னார் வளைகுடாவில் இருந்த 21 தீவுகளில் இரண்டு கடலுக்குள்ளேயே போய்விட்டன.

ஓட்டம் தணிந்தபின் வாய்க்காலுக்குப் போனோம், பச்சை விலாங்கு ஒன்று பொந்திலிருந்து வாயைத் திறந்து திறந்து மூடியது, திருக்கை போனது, ஆமை கடற்புல் மேய்ந்தது. நன்றாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு எல்லோரும் போகிற சுறாச் சந்து. அந்தக் காலத்தில் மீனவர்கள் அங்கே நிறுத்தி மீன் அறுத்துக் கழிவைப் போட்டதால் நர்ஸ் சுறாக்கள் பழகிவிட்டன, இப்போது படகு மோட்டார் சத்தம் கேட்டாலே ஓடி வருகின்றன. தரையோடு கிடக்கிற சாதுவான ஜாதி, சீண்டாவிட்டால் ஒன்றும் செய்யாது. பக்கத்துப் படகில் தீனி போட்டார்கள், சுறாக்கள் சந்தைக்கடை மாதிரி முட்டி மோதின, மக்கள் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு கத்தினார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை, திறந்து சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரருக்குப் பிடித்தது, எட்டடிச் சுறா என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். தண்ணீருக்குள் கண்ணாடி வழியாகப் பார்த்தால் எதுவும் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும், நீங்கள் அதற்குத் தகுந்தபடி குறைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் பச்சைப் பசேலென்று இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். மான்கொம்பு மாதிரிக் கிளைவிடுகிற பவளம் அங்கே காடாக இருந்ததாம், நாங்கள் பார்த்தது பெரும்பாலும் உடைந்த துண்டுகள், மேலே பாசி. பாசியைத் தின்கிற கறுப்புக் கடல் முள்ளெலிகள் 1983-லும் அடுத்த வருஷமும் கரீபியன் முழுக்க நோய் வந்து செத்துப்போயின, அதிலிருந்து பாசியின் கை ஓங்கிவிட்டது. கடல் சூடேறினால் பவளத்துக்குள் குடியிருந்து அதற்குச் சாப்பாடு சமைத்துக் கொடுக்கிற நுண்பாசி வெளியேறிவிடும், பவளம் வெளிறிப் பட்டினி கிடக்கும், 2023-ல் அப்படி ஒரு சூடு அடித்தது. போதாததற்குச் சிங்கமீன். அது நம்ம பக்கத்து மீன், இந்து மகாசமுத்திரத்து ஆள். அழகுக்காகத் தொட்டியில் வளர்த்தவர்கள் கடலில் விட்டதுதான் காரணம் என்கிறார்கள். அங்கே அதைத் தின்பதற்கு எந்த மீனும் பழகவில்லை, அதனால் மனிதர்கள் தின்கிறார்கள். சாயங்காலம் ஒரு கடையில் வறுத்துத் தந்தார்கள், முள்ளை எடுத்துவிட்டால் ருசி ஊளி மீன் மாதிரி, கொஞ்சம் புளிக்குழம்பு இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

அந்த ஜனங்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 2009-ல் யுனெஸ்கோ இந்தப் பாறைத்தொடரை ஆபத்தில் இருக்கும் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது, கரையோர அலையாத்திக் காடுகளை வெட்டினார்கள், கடலில் எண்ணெய் தோண்டவும் பேச்சு இருந்தது. படகுக்காரர்கள், மீனவர்கள், ஹோட்டல்காரர்கள் எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள். 2017 கடைசியில் கடலில் எண்ணெய் எடுப்பதற்கே தடைச் சட்டம் வந்தது, 2018-ல் பட்டியலிலிருந்து பெயர் நீங்கியது. எங்கள் வழிகாட்டி இதைத் தன் வீட்டு விசேஷம் மாதிரிச் சொன்னார்.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: முதுகையும் கெண்டைக்காலையும் மூடுகிற முழுக்கைச் சட்டையும் நீளக் காற்சட்டையும் போட்டுக்கொண்டு இறங்குங்கள். கிரீம் பூசினால் தண்ணீரில் கரைந்து பவளத்துக்குத்தான் போகும். நான் காலை மூடாமல் விட்டு ஒரு வாரம் செருப்புப் போட முடியாமல் கிடந்தேன். பிப்ரவரியிலிருந்து மே வரை மழை குறைவு, ஆனால் பிப்ரவரியில் வடக்கேயிருந்து காற்று திரும்பினால் படகு கிடையாது.

எங்களுக்கும் அப்படித்தான் ஆயிற்று. திரும்பும்போதே அப்பா, "நாளைக்கும் இவர் வருவாரான்னு கேளு, எவ்வளவுன்னு கேளு" என்றார். விலைகூடப் பேசி முடித்துவிட்டேன். ராத்திரி காற்று திரும்பிவிட்டது. காலையில் ஒரு படகும் அசையவில்லை, வழிகாட்டி வந்து கையை விரித்துவிட்டுப் போனார். நான் போய்ப் பார்த்தபோது அப்பா மரப்பாலத்தின் நுனியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், முகக்கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்தபடி. சாப்பிடக் கூப்பிட்டேன். "காத்து மத்தியானம் விழுந்துரும், பாரேன்" என்றார்.