கவிழ்த்து வைத்த இரண்டு சீட்டு

நேயர்களுக்கு வணக்கம்.

தொலைக்காட்சியில் சீட்டாட்டம் பார்ப்பதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. ஏழெட்டுப் பேர் ஒரு மேஜையைச் சுற்றி மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஓட்டம் கிடையாது, பாய்ச்சல் கிடையாது. பாதிப் பேர் கறுப்புக் கண்ணாடி போட்டு முகத்தை மறைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலான நேரம் சீட்டை லேசாகத் தூக்கிப் பார்ப்பதும் தள்ளிவிடுவதும்தான் நடக்கிறது. அப்படியிருந்தும் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் போக்கர் என்ற இந்தச் சீட்டாட்டத்தை ஆடவே தெரியாத எத்தனையோ பேர் இதற்காக ராத்திரி கண் விழித்தார்கள். அவர்களைப் பிடித்து உட்கார வைத்ததில் வர்ணனைக்குப் பெரிய பங்கு உண்டு. நான் போக்கர் ஆடுகிறவன் இல்லை. பார்க்கிறவன், வர்ணனையைக் காது கொடுத்துக் கேட்கிறவன். அந்த இடத்திலிருந்துதான் இன்று பேசுகிறேன்.

ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொலைக்காட்சியில் அதிகம் வருவது டெக்சஸ் ஹோல்டம் என்ற வகை. ஆளுக்கு இரண்டு சீட்டு, கவிழ்த்துப் போடுவார்கள். நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு மலர்த்திப் போடுவார்கள்: முதலில் மூன்று, அப்புறம் ஒன்று, கடைசியாக ஒன்று. கையில் உள்ள இரண்டையும் நடுவில் உள்ள ஐந்தையும் சேர்த்து, ஏழில் சிறந்த ஐந்தை வைத்து யார் பெரியவர் என்று பார்ப்பார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பணம் கட்டலாம், ஏற்றலாம், சீட்டைப் போட்டுவிட்டு விலகலாம். மற்றவர்கள் எல்லாரும் விலகிவிட்டால், கையைக் காட்டாமலே மொத்தப் பணமும் மிச்சமிருப்பவருக்கு. நம் ஊரில் மூணு சீட்டு ஆடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கடைசி விஷயம் நன்றாகவே புரியும். கையில் ஒன்றும் இல்லாமல் பாவ்லா காட்டி எதிராளியை விலக வைக்கலாம். ஆட்டத்தின் உயிரே அங்கேதான்.

லாஸ் வேகஸில் பின்னியன்ஸ் ஹார்ஸ்ஷூ என்ற சூதாட்ட விடுதியில் 1970-இல் 'வேர்ல்டு சீரிஸ் ஆஃப் போக்கர்' என்ற போட்டித் தொடர் தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே தொலைக்காட்சிக் கேமராவும் அங்கே போய்விட்டது. ஆனால் அந்தக் கால ஒளிபரப்பில் கவிழ்த்து வைத்த சீட்டு என்னவென்று பார்க்கிறவருக்குத் தெரியாது. வர்ணனையாளருக்கும் தெரியாது. அவர் ஊகம்தான் சொல்ல முடியும். எதிராளி விலகிவிட்டால் சீட்டு கட்டோடு கலந்துவிடும். நடந்தது பாவ்லாவா நிஜமா என்று கடைசிவரை தெரியாமலே போய்விடும். ஆடத் தெரிந்தவர்களுக்கு அதுவே போதுமாக இருந்திருக்கலாம். மற்றவர்கள் சேனலை மாற்றிவிட்டார்கள்.

இதை மாற்றியவர் ஹென்றி ஓரன்ஸ்டைன். இவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். 1923-இல் போலந்தில் பிறந்த யூதர். நாஜிகளின் ஐந்து முகாம்களில் இருந்து உயிரோடு மீண்டவர். ஒரு முகாமில் விஞ்ஞானிகள், கணிதம் தெரிந்தவர்கள் இருந்தால் பெயர் கொடுக்கலாம் என்று அறிவிப்பு வந்தபோது, விஞ்ஞானியே இல்லாத இவர் தன் பெயரையும் உடன்பிறந்தவர்கள் பெயரையும் கொடுத்தார். அந்தப் பொய் அவர் உயிரைக் காத்தது. போருக்குப் பிறகு அமெரிக்கா போய் பொம்மைத் தொழிலில் பெரிய ஆளானார். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மைகள் அமெரிக்கக் கடைகளுக்கு வந்ததில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. போக்கரும் நன்றாக ஆடுவார். 1996-இல் வேர்ல்டு சீரிஸில் ஒரு போட்டியையே ஜெயித்தார். போக்கரைத் தொலைக்காட்சியில் பார்த்தால் சலிப்பாக இருக்கிறதே என்று யோசித்தவர், ஆட்டக்காரரின் சீட்டை மேஜையிலிருந்தே படம் பிடிக்கும் கேமரா அமைப்புக்கு 1990-களின் நடுவில் காப்புரிமை வாங்கினார். பொய் சொல்லிப் பிழைக்க வேண்டியிருந்த ஒரு மனிதர், எதிராளியின் பொய்யை வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் காட்டும் கருவியை உருவாக்கினார் என்பது என்னை இன்னும் நெகிழ வைக்கும் செய்தி.

1999-இல் பிரிட்டனின் சேனல் ஃபோர் 'லேட் நைட் போக்கர்' என்ற நிகழ்ச்சியை ஆரம்பித்தது. கார்டிஃபில் படப்பிடிப்பு. மேஜை விளிம்பில் கண்ணாடி பதித்து, கீழே கேமரா வைத்தார்கள். ஜெஸ்ஸி மே, நிக் ஷெரமெட்டா இருவரும் வர்ணனை. முதல் தொடரை ஜெயித்தவர் ஹல் நகரத்து டேவ் அலியட். 'டெவில்ஃபிஷ்' என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். 2003-இல் அமெரிக்காவின் டிராவல் சேனலில் 'வேர்ல்டு போக்கர் டூர்' வந்தது. மைக் செக்ஸ்டன், வின்ஸ் வான் பேட்டன் என்ற ஜோடி. செக்ஸ்டன் தொழில்முறை ஆட்டக்காரர், வான் பேட்டன் நடிகர். போக்கரைக் கண்ணால் பார்த்திராத ஒருவர் இப்போதுதான் சேனலைத் திருப்பியிருப்பார் என்ற நினைப்பு செக்ஸ்டனின் பேச்சில் எப்போதும் இருக்கும். சொன்னதையே திரும்பச் சொல்வதற்கு அவர் சலித்துக்கொண்டதில்லை. அவருடைய வர்ணனையில் எனக்குப் பிடித்ததே அந்தப் பொறுமைதான். 2020-இல் காலமானார்.

இப்போது ஒரு கையை மட்டும் நிதானமாகப் பார்க்கலாம். அதே 2003, வேர்ல்டு சீரிஸின் முதன்மைப் போட்டி. நுழைவுக் கட்டணம் 10,000 டாலர், 839 பேர். கடைசியில் மிஞ்சியவர்கள் இருவர். ஒருவர் சாமி ஃபர்ஹா: லெபனானில் பிறந்தவர், பழுத்த ஆட்டக்காரர், பற்ற வைக்காத சிகரெட்டை வாயில் வைத்துக்கொண்டே ஆடுவார். இன்னொருவர் கிறிஸ் மணிமேக்கர்: டென்னசி மாநிலத்துக் கணக்கர், இணையத்தில் நடந்த சின்னத் தகுதிப் போட்டியில் ஜெயித்து வந்தவர்.

ஃபர்ஹாவிடம் இஸ்பேட் ராணியும் ஒரு 9-ம். மணிமேக்கரிடம் இஸ்பேட் ராஜாவும் ஒரு 7-ம். நடுவில் 9, 2, 6 விழுகிறது. ஃபர்ஹாவுக்கு 9 ஜோடி சேர்ந்துவிட்டது. நான்காவதாக 8 வருகிறது. இப்போது நடுவில் மூன்று இஸ்பேட். மணிமேக்கரிடம் இன்னும் ஒன்றுமே சேரவில்லை. ஆனால் கடைசிச் சீட்டில் இஸ்பேட் வந்தால் ஐந்தும் ஒரே சாதி, அதாவது ஒரே சின்னம், 5 அல்லது 10 வந்தால் வரிசை, ராஜா வந்தால் ராஜா ஜோடி. கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு கையும் நடுச் சீட்டு நான்கும் போக, கணக்கில் மிச்சம் 44 சீட்டு. அதில் 17 அவருக்குச் சாதகம். நூற்றுக்கு 39 என்று வைத்துக்கொள்ளலாம். திரையில் ஆட்டக்காரர் பெயருக்குப் பக்கத்தில் ஓடுகிற சதவீதம் இப்படித்தான் வருகிறது.

கடைசிச் சீட்டு 3. எதற்கும் உதவாத 3. மணிமேக்கரிடம் இப்போது வெறும் ராஜா மட்டும். அவர் மொத்தச் சிப்ஸையும், அதாவது பணத்துக்குப் பதிலாக வைத்து ஆடும் வில்லைகளையும், உள்ளே தள்ளுகிறார்.

இந்த இடத்தில் வீட்டில் உட்கார்ந்திருப்பவர் நிலைமையை யோசியுங்கள். அவருக்குப் போக்கர் தெரியாது. ஆனால் ஒன்று தெரியும்: ஃபர்ஹா ஜெயித்துக்கொண்டிருக்கிறார், அது ஃபர்ஹாவுக்குத் தெரியவில்லை. இஸ்பேட்டுக்குக் காத்திருந்து அது வரவில்லைதானே என்று ஃபர்ஹா கேட்கவும் செய்கிறார். சரியாகவே பிடித்துவிட்டார்! மணிமேக்கர் வாய் திறக்காமல், அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். ஃபர்ஹா யோசித்து யோசித்து, கடைசியில் சீட்டைப் போட்டுவிடுகிறார். இஎஸ்பிஎன் ஒளிபரப்பில் வர்ணனை லான் மெக்கீச்சரனும் நார்மன் சாடும். நூற்றாண்டு இப்போதுதான் பிறந்திருக்கிறது என்றாலும் இந்த நூற்றாண்டின் பிளஃப், அதாவது பாவ்லா, இதுதான் என்றார் சாட். கொஞ்ச நேரத்தில் மணிமேக்கர் ஃபுல் ஹவுஸ் (ஒரே எண்ணில் மூன்று, இன்னொரு எண்ணில் இரண்டு) அடித்து 25 லட்சம் டாலர் பரிசைக் கையில் வாங்கினார். அடுத்த ஆண்டு அதே போட்டிக்கு வந்தவர்கள் 2,576 பேர். 2006-இல் 8,773 பேர்.

வானொலியில் கிரிக்கெட் வர்ணனை கேட்டு வளர்ந்தவர்கள் இதில் ஒரு தலைகீழ் மாற்றத்தைக் கவனிப்பார்கள். அப்துல் ஜப்பார் போன்றவர்கள் மைதானத்தில் இருந்து பேசும்போது, அவர்கள் பார்ப்பது நமக்குத் தெரியாது. அவர்கள் சொன்னால்தான் நமக்குக் காட்சி. போக்கரில் வர்ணனையாளர் பார்ப்பதை நாமும் பார்க்கிறோம். தெரியாதவர்கள் ஆடுகிறவர்கள்தான். அப்படியானால் வர்ணனையாளருக்கு என்ன வேலை?

அந்த ஆட்டக்காரருக்குத் தெரிந்தது இவ்வளவுதான் என்று நமக்கு ஞாபகப்படுத்திக்கொண்டே இருப்பதுதான் அவர் வேலை என்று நான் நினைக்கிறேன். எல்லாச் சீட்டும் தெரிந்த நமக்கு ஃபர்ஹா ஏமாளியாகத் தெரிவார். அவர் இடத்தில் உட்கார்ந்தால் கதை வேறு. நடுவில் மூன்று இஸ்பேட், 6, 8, 9 என்று வரிசைக்கு வழி, கையில் வெறும் 9 ஜோடி, எதிரில் ஒருவன் உள்ளது எல்லாவற்றையும் தள்ளிவிட்டான். விலகுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தை எடுத்துச் சொல்லாமல் "ஐயோ, விட்டுவிட்டாரே" என்று மட்டும் கூச்சல் போடுகிறவரை நல்ல வர்ணனையாளர் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஓரத்தில் ஓடுகிற சதவீதத்தை அப்படியே வாசிப்பதும் வர்ணனை ஆகாது. அதைப் பார்க்க நமக்கே கண் இருக்கிறது.

இன்னொரு விஷயம். அன்றைய இஎஸ்பிஎன் வர்ணனை நேரலை இல்லை. ஆட்டம் முடிந்து, காட்சிகளை வெட்டி ஒட்டிய பிறகு ஸ்டூடியோவில் உட்கார்ந்து பேசியது. யார் ஜெயிப்பார் என்று இருவருக்கும் முன்கூட்டியே தெரியும். தெரிந்தும் அதைக் குரலில் கசியவிடாமல் பேசினார்கள் என்பது சாதாரணத் திறமை இல்லை. 2006-இல் தொடங்கிய 'ஹை ஸ்டேக்ஸ் போக்கர்' நிகழ்ச்சியில் கேப் கேப்லன் கையாண்டது வேறு வழி. நகைச்சுவை நடிகர், நல்ல ஆட்டக்காரரும் கூட. குரலை உயர்த்தவே மாட்டார். மேஜையில் நிஜப் பணம் கட்டுக்கட்டாகக் கிடக்கும். ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் கிண்டலடித்துக்கொள்வார்கள். அவர் ஒதுங்கி அவர்களைப் பேசவிடுவார். வாய் மூட வேண்டிய நேரம் தெரிந்தவர் என்பதால் அவருக்கு என் மனசில் தனி இடம்.

ஆனால் இந்தக் கவர்ச்சிக்குள் ஒரு மறைப்பும் இருக்கிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும். பல நாள் நடக்கும் ஆட்டத்தில் பரபரப்பான கைகளை மட்டும் பொறுக்கி ஒரு மணி நேரம் காட்டினால், போக்கர் என்றாலே மொத்தப் பணத்தையும் தள்ளுவதுதான் என்று பார்ப்பவர் நம்பிவிடுவார். 2003-இல் அந்த 839 பேரில் பரிசு வாங்கியவர்கள் 63 பேர்தான். மற்ற 776 பேர் வெறுங்கையோடு போனார்கள். அவர்களைப் பற்றி எந்த வர்ணனையும் இல்லை. இந்த நிகழ்ச்சிகளுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். பெரும்பகுதி இணையச் சூதாட்ட நிறுவனங்களின் விளம்பரம். 2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க அரசு மூன்று பெரிய போக்கர் தளங்களின் மேல் வழக்குப் போட்டதும், தொலைக்காட்சிப் போக்கர் சட்டென்று வற்றிப்போனது. இங்கே இணையச் சீட்டாட்டத்தில் பணத்தையும் உயிரையும் விட்டவர்கள் செய்தியை நாம் வாசித்துக்கொண்டேதான் இருந்தோம். தமிழ்நாடு அரசு 2022-இல் சட்டம் கொண்டுவந்தது. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை 2025-இல் நாடாளுமன்றமே தடை செய்தது. பார்க்கிறவரை ஆடத் தூண்டுவது என் வர்ணனையின் வேலை இல்லை என்று அன்றைய வர்ணனையாளர்களில் யாராவது உரக்கச் சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

இன்றைக்கு ஒளிபரப்பு இணையத்துக்குப் போய்விட்டது. வெட்டு ஒட்டு இல்லாமல், பாதுகாப்புக்காகச் சிறிது நேரம் தாமதித்து, ஒரு நாள் ஆட்டத்தை முழுசாகவே காட்டுகிறார்கள். ஒரு விதத்தில் இது நேர்மை. சும்மா உட்கார்ந்திருக்கும் நேரமும் தெரிகிறது. ஆனால் வர்ணனை கடினமாகிவிட்டது. இருவர் உட்கார்ந்து கணினி சொல்லும் சரியான ஆட்டம் எது, எத்தனை சதவீதம் ஏற்ற வேண்டும் என்று தங்களுக்குள் விவாதிக்கிறார்கள். விஷயம் தெரிந்தவர்களுக்கு அது விருந்து. செக்ஸ்டன் மனசில் வைத்திருந்த அந்தப் புதியவர் பத்து நிமிடத்தில் எழுந்து போய்விடுவார். அவருக்காக ஒருவராவது அந்த மேஜையில் பேச வேண்டும் என்பது என் ஆசை.

பழைய ஒளிபரப்பு ஏதாவது கண்ணில் பட்டால் இப்படிப் பார்த்துப் பாருங்கள். திரையில் சீட்டும் சதவீதமும் காட்டுகிற பகுதியை ஒரு காகிதத்தால் மறைத்துவிட்டு, ஒரே ஒரு ஆட்டக்காரரின் சீட்டை மட்டும் தெரிய விடுங்கள். எதிராளி பணத்தை ஏற்றியதும் காட்சியை நிறுத்தி, ஈடு கொடுப்பதா விலகுவதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். காகிதத்தை அப்புறம் எடுக்கலாம்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.